வேலை தருவதாக வரும் மோசடிக் கடிதங்கள்

நெசவுக் குடும்பங்களிலும் வேளாண் குடும்பங்களிலும் பிறந்த பிள்ளைகள் பலர் இன்று கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருக்கின்றனர். தறியின் கூலி மட்டும் குடும்பத்திற்குப் போதவில்லை. மழை பொய்த்த ஆண்டில் நிலத்தின் வருவாயும் போதுவதில்லை. ஆகவே, ஓய்வு நேரத்தில் செய்யத்தக்க வேலை ஏதேனும் கிடைக்குமா என்று அவர்கள் கைப்பேசியிலும் கணிப்பொறியிலும் தேடுவது இயல்பே. அத்தேடலில் குற்றம் ஏதும் இல்லை. ஆயின், அவ்வாறு தேடுவோரை எதிர்நோக்கி வலை விரித்துக் காத்திருக்கும் கூட்டம் ஒன்றும் உலகில் இருக்கின்றது. "வீட்டிலிருந்தே வேலை, அன்றாடம் ஊதியம்" என்று மின்னஞ்சலில் வரும் கடிதங்களுள் பல அக்கூட்டத்தார் எழுதுபவை.

அம்மோசடிகளுள் ஒன்றை இங்கு விரிவாக எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் 'மிஸ்டரி ஷாப்பிங்' என்று வழங்கும் தொழிலின் பெயரால் நடப்பது அது. அமெரிக்காவில் அது நடந்துவரும் விதத்தை நன்கு புரிந்துகொண்டால், நம் நாட்டில் வேறு உடையணிந்து வரும் அதே மோசடியை இனங்கண்டுகொள்வது எளிதாகும்.

இத்தொழில் யாது?

ஒரு கூட்டுறவு விற்பனைச் சாலையை எண்ணிப் பாருங்கள். அங்கு வாடிக்கையாளரை மரியாதையுடன் வரவேற்கிறார்களா, கேட்ட சேலையை எடுத்துக் காட்டுகிறார்களா, சரியான ரசீது தருகிறார்களா என்று நிர்வாகம் அறிய விரும்புகிறது. தலைவரோ செயலாளரோ நேரில் சென்றால் எல்லாம் ஒழுங்காகவே நடக்கும். உண்மை நிலை தெரியவராது. ஆகவே, ஊழியருக்கு அறிமுகமில்லாத ஒருவரைச் சாதாரண வாடிக்கையாளர்போல அனுப்பி, அவர் கண்டதை எழுதித் தரச் சொல்கிறார்கள். இதுவே மிஸ்டரி ஷாப்பிங். நாம் இதனை மறைமுக வாடிக்கையாளர் வேலை என்று குறிப்பிடலாம்.

இப்பெயர் அமெரிக்காவில் 1940-களில் வழக்கிற்கு வந்தது. ஊழியர்கள் பணத்தைக் கையாடுகின்றனரா என்று கண்டறியவே முதலில் இம்முறை பயன்பட்டது. பின்னர் உணவு விடுதிகள், பெட்ரோல் நிலையங்கள், துணிக்கடைகள், பாங்குகள் ஆகியவற்றின் சேவைத் தரத்தை அளக்கும் முறையாக அது விரிந்தது. இத்தொழில் நடத்தும் நிறுவனங்கள் சேர்ந்து 1998 ஆம் ஆண்டில் தமக்கென ஒரு சங்கத்தையும் அமைத்துக்கொண்டன. ஆகவே, இப்படியொரு வேலை உலகில் உண்டு என்பது உண்மை. அவ்வுண்மையே மோசடிக்காரனுக்கு முதலாக அமைகின்றது. கலப்பட நெய்யில் சிறிதளவு நல்ல நெய் இருப்பதால்தான் அது மணக்கிறது, அதுபோலவே இதுவும்.

உண்மையான நிறுவனத்தின் நடைமுறை

நேர்மையான நிறுவனம் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதை முதலில் அறிதல் வேண்டும். நல்ல நாணயத்தை அறிந்தவனே கள்ள நாணயத்தை எளிதில் கண்டுகொள்வான்.

முதலாவதாக, வேலை வேண்டுவோர் தாமே அந்நிறுவனத்தின் இணையத்தளத்திற்குச் சென்று விண்ணப்பம் செய்கிறார்கள். விண்ணப்பிக்காதவருக்கு வேலை தேடி வருவதில்லை. இரண்டாவதாக, பதிவு செய்துகொள்வதற்குக் கட்டணம் இல்லை. வேலைப் பட்டியல் தருகிறோம், தகுதிச் சான்று தருகிறோம் என்று பணம் கேட்பவர்கள் இத்தொழிலின் ஓரத்தில் பிழைப்பவர்கள். அவர்களுக்குப் பணம் செலுத்தாமலேயே இவ்வேலையைப் பெற முடியும். மூன்றாவதாக, ஊதியம் சிறியது. ஒரு கடைக்குச் சென்று வந்து நீண்ட படிவம் ஒன்றை நிரப்பி அனுப்பினால், சிறு தொகையும் வாங்கிய பொருளின் விலையும் கிடைக்கும். பெரும்பாலோர் இதைக் கைச்செலவுக்கான உபதொழிலாகவே வைத்திருக்கின்றனர். நான்காவதாக, வேலை முடிந்து அறிக்கை ஏற்கப்பட்ட பின்னரே பணம் வருகின்றது. இன்னார் என்று அறியாத ஒருவருக்குப் பெருந்தொகையை முன்கூட்டியே அனுப்பி, "இதில் உமது கூலி போக மீதியை வேறொருவருக்கு அனுப்பிவிடும்" என்று எந்த நேர்மையான நிறுவனமும் சொல்வதில்லை.

இந்த நான்கையும் மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

மோசடிக் கடிதம்

அமெரிக்காவில் ஒருவருக்கு மின்னஞ்சல் வருகின்றது. பெயர்பெற்ற ஒரு நிறுவனத்தின் பெயரும் சின்னமும் தலைப்பில் அழகாக அச்சிடப்பட்டிருக்கும். "தங்கள் விவரங்களைப் பார்வையிட்டோம், தங்கள் வட்டாரத்தில் மறைமுக வாடிக்கையாளராகத் தங்களைத் தேர்ந்தெடுத்துள்ளோம். வாரத்திற்குச் சில மணி நேரமே வேலை. ஒவ்வொரு பணிக்கும் 300 டாலர் ஊதியம். பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றைத் தெரிவிக்கவும்" என்று எழுதியிருக்கும். நேர்காணல் இல்லை, தகுதி பற்றிய கேள்வி இல்லை.

அவர் விவரங்களை அனுப்புகிறார். சில நாட்களில் அஞ்சல் வழியாக ஓர் உறை வருகின்றது. அதனுள் ஒரு காசோலையும், செய்ய வேண்டியவற்றைக் கூறும் தாள் ஒன்றும் இருக்கின்றன. எடுத்துக்காட்டாக, காசோலை 2,450 டாலருக்கு இருப்பதாகக் கொள்வோம். அது பெரும்பாலும் தனிமனிதர் ஒருவரின் காசோலையாக இராது. பாங்கே தன் பொறுப்பில் எழுதித் தரும் காசோலையின் தோற்றத்தில் இருக்கும். நம் நாட்டுப் பாங்கு டிராப்டைப் போன்றது அது. உடனிருக்கும் தாளில், "இதைத் தங்கள் கணக்கில் செலுத்துக. 300 டாலரைத் தங்கள் ஊதியமாக வைத்துக்கொள்க. 100 டாலருக்குக் குறிப்பிட்ட கடையில் பொருள் வாங்கி, அக்கடையைப் பற்றி அறிக்கை எழுதுக. எஞ்சிய 2,050 டாலரை, கடையினுள் இருக்கும் பணம் அனுப்பும் நிலையத்தின் வழியாகப் பின்வரும் பெயருக்கு அனுப்பி, அந்நிலையத்தின் சேவை எவ்வாறு இருந்தது என்பதையும் எழுதுக. இவை யாவும் 48 மணி நேரத்திற்குள் முடிதல் வேண்டும்" என்று கண்டிருக்கும்.

இதிலுள்ள சூழ்ச்சியைக் கவனியுங்கள். பணத்தை அனுப்புவதே வேலையின் ஒரு பகுதியாக ஆக்கப்பட்டுவிட்டது. முன்பின் தெரியாதவனுக்குப் பணம் அனுப்பு என்று நேராகக் கேட்டால் எவரும் அனுப்பார். பணம் அனுப்பும் நிலையத்தைச் சோதிப்பதற்காக அனுப்பு என்றால், அது கடமையாகத் தோன்றுகின்றது.

காசோலையின் சூட்சுமம்

காசோலை கள்ளக் காசோலையாயின் பாங்கு உடனே கண்டுபிடித்துவிடாதா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. இங்குதான் விஷயத்தின் முடிச்சு இருக்கின்றது.

அமெரிக்காவில் 1987 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தின்படி, வாடிக்கையாளர் செலுத்தும் காசோலையின் பணத்தைப் பாங்கு நெடுநாள் நிறுத்திவைக்கலாகாது. பாங்கின் பொறுப்பில் எழுதப்பட்ட காசோலையானால், பொதுவாக அடுத்த அலுவல் நாளிலேயே அத்தொகையை எடுத்துக்கொள்ள விடுதல் வேண்டும். மக்களின் வசதிக்காக ஏற்பட்ட நல்ல சட்டமே இது. ஆனால், பணத்தை எடுக்கலாம் என்பது வேறு; காசோலை செல்லும் என்பது வேறு. காசோலை எழுதிய பாங்கிற்குச் சென்று, அங்கு அது கள்ளக் காசோலை என்று தெரிந்து திரும்பி வருவதற்கு நாட்கள் ஆகும். சில வேளைகளில் வாரங்கள்கூட ஆகும். அக்காசோலையில் உண்மையான பாங்கின் பெயரும், இம்மோசடியைப் பற்றி ஒன்றுமறியாத ஏதோ ஒரு வணிகரின் கணக்கெண்ணுமே பல தடவை அச்சிடப்பட்டிருக்கும். ஆதலால் பார்த்த மாத்திரத்தில் பாங்கு ஊழியராலும் அறிய இயலுவதில்லை.

இப்போது கணக்கைப் பார்ப்போம். அம்மனிதரின் கணக்கில் முதலில் 500 டாலர் இருந்தது. காசோலையைச் செலுத்தியபின் 2,950 ஆயிற்று. 100 டாலருக்குப் பொருள் வாங்கினார். 2,050 டாலரை அனுப்பினார். மீதி 800. தம் 500-உம், கூலி 300-உம் சேர்ந்து சரியாக இருக்கிறதென்று மகிழ்கிறார். பத்து நாள் கழித்துக் காசோலை திரும்புகின்றது. பாங்கு 2,450 டாலரை அவர் கணக்கில் கழித்துக்கொள்கிறது. இருந்தது 800, கழிந்தது 2,450. ஆகவே 1,650 டாலர் அவர் பாங்கிற்குக் கடன்பட்டவர் ஆகிறார். அவர் வைத்திருந்த 500-உம் போயிற்று. கையில் எஞ்சியது 100 டாலர் பெறுமான பொருள் மட்டுமே. காசோலையைச் செலுத்தியவரே அதற்குப் பொறுப்பாளி என்பது பாங்கு விதி. நான் ஏமாந்தேன் என்று சொல்வதால் கடன் நீங்குவதில்லை.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பது நம் பழமொழி. இம்மாட்டின் பல்லை மட்டும் பிடித்துப் பார்த்தே தீரவேண்டும். ஏனெனில் இது தானமாக வந்த மாடன்று, நம் கொட்டிலில் உள்ள மாட்டையும் ஓட்டிச் செல்ல வந்தது.

இரகசியம் என்னும் திரை

உலகில் எத்தனையோ வேலைகள் இருக்க, மோசடிக்காரர்கள் இவ்வேலையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. மறைமுக வாடிக்கையாளர் தாம் யாரென்று வெளியில் சொல்லலாகாது என்பது இத்தொழிலின் இயற்கையான விதி. அவ்விதியையே மோசடிக்காரன் திரையாகப் பயன்படுத்திக்கொள்கிறான். "கடை ஊழியரிடமோ பாங்கு ஊழியரிடமோ எதையும் சொல்லாதீர், சொன்னால் சோதனை பயனற்றுப் போகும்" என்று அவன் எழுதுகிறான். பணம் அனுப்பும் நிலையத்தில் இருப்பவர், "இவரை உமக்குத் தெரியுமா?" என்று எச்சரிக்கை செய்தாலும், "என் உறவினர்" என்று பொய் சொல்லும்படி முன்னதாகவே சொல்லிக் கொடுத்துவிடுகிறான். ஏமாறுபவரைக் காப்பாற்றக்கூடிய மனிதர் ஒருவர் எதிரிலேயே நின்றும், அவரிடம் உண்மையைச் சொல்லாதவாறு அவர் வாய் அடைக்கப்படுகின்றது.

அவசரமும் அத்தகையதே. 48 மணி நேரம் என்ற கெடு வேலையின் நன்மைக்காக வைக்கப்பட்டதன்று. காசோலை திரும்புவதற்கு முன்னர்ப் பணம் கைமாறிவிடவேண்டும் என்பதற்காக வைக்கப்பட்டது.

பணம் செல்லும் வழி

பணம் அனுப்பும் நிலையங்கள் வாயிலாகச் சென்ற தொகையைப் பெறுபவன், வேறெங்கோ ஒரு நாட்டில் அதைப் பணமாகவே வாங்கிச் சென்றுவிடுவான். பின்னர் அவனைத் தொடர்வது அரிது. இத்தகைய மோசடிகளைத் தடுக்கத் தவறியமைக்காகப் பெரிய நிறுவனங்களே பதில் சொல்ல நேர்ந்தது. 2017 ஜனவரியில் வெஸ்டர்ன் யூனியன் நிறுவனம் அமெரிக்க அரசுடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படி 58 கோடியே 60 இலட்சம் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது. ஏமாந்தோருக்கு அப்பணத்தைப் பங்கிட்டளிக்கும் பணி 2020 இல் தொடங்கிற்று. 2018 இல் மணிகிராம் நிறுவனம் 12 கோடியே 50 இலட்சம் டாலர் செலுத்த இசைந்தது.

அதன்பின் மோசடிக்காரர்கள் வேறு வழியையும் நாடினர். "குறிப்பிட்ட கடையில் பரிசு அட்டைகள் வாங்குக, அட்டையின் பின்புறத்தைச் சுரண்டி, எண்களைப் படமெடுத்து அனுப்புக, கடையின் சேவையை மதிப்பிடுக" என்று கேட்கலாயினர். அட்டை வாங்கியவர் கையில் இருந்தாலும், எண் போன அக்கணமே அதிலுள்ள பணமும் போய்விடுகின்றது. பரிசு அட்டையின் எண்ணைக் கூலிக்கணக்கில் கேட்பவன் மோசடிக்காரனே என்று அமெரிக்க வாணிப ஆணையம் மக்களுக்கு அறிவுறுத்தி வருகின்றது.

நம் நாட்டில் அதே மோசடி

நம் நாட்டில் கள்ளக் காசோலை வழியாக இம்மோசடி பெருகவில்லை. காசோலைத் தொகை இங்குப் பொதுவாகத் தீர்வு முடிந்த பின்னரே கணக்கில் ஏறுகின்றது. மேலும் சிறு தொகைகள் இன்று கைப்பேசி வழியே நொடியில் கைமாறுகின்றன. ஆகவே மோசடி உருமாறிக்கொண்டது.

கைப்பேசியில் ஒரு செய்தி வருகின்றது. "உணவு விடுதிகளுக்கும் கடைகளுக்கும் இணையத்தில் நல்ல மதிப்பெண் இடுவதே வேலை. ஒவ்வொன்றிற்கும் 50 ரூபாய்." இங்கும் அதே மதிப்பீட்டாளர் வேடந்தான், கடைக்கு நேரில் செல்லும் சிரமமும் இல்லை. மூன்று விடுதிகளுக்கு மதிப்பெண் இட்டவுடன் 150 ரூபாய் உண்மையாகவே கணக்கிற்கு வந்துவிடுகின்றது. இந்த 150 ரூபாயே தூண்டிற்புழு. அதைக் கண்டவுடன் ஐயம் அகன்றுவிடுகின்றது. பிறகு டெலிகிராம் போன்ற செயலி ஒன்றில் ஒரு குழுவில் சேர்க்கிறார்கள். அங்குப் பலர், "எனக்கு இன்று பதினாயிரம் வந்தது" என்று படத்துடன் எழுதிக்கொண்டிருப்பார்கள். அவர்களுள் பெரும்பாலோர் மோசடிக்காரரின் ஆட்களே.

அடுத்து, "முன்பணப் பணி" என்று ஒன்றைச் சொல்கிறார்கள். 1,000 ரூபாய் செலுத்தினால் 1,300 திரும்பும். முதல் முறை திரும்பியும் வருகின்றது. பிறகு 5,000, அதன்பின் 20,000. இப்போது பணம் கணக்கிற்கு வருவதில்லை. அவர்களுடைய தளத்தில் உள்ள 'இருப்பு' என்னும் கட்டத்தில் மட்டும் ஏறுகின்றது. அந்த எண்ணை அவர்கள் விரும்பியவாறு எழுதலாம். அதற்குப் பின்னால் பணமில்லை. எடுக்க முயன்றால், "பணியில் பிழை செய்துவிட்டீர், கணக்கு முடக்கப்பட்டது, விடுவிக்க இவ்வளவு செலுத்துக" என்பார்கள். அதைச் செலுத்தினால், "வரி செலுத்துக" என்பார்கள். இழந்ததை மீட்கும் ஆசையால் மேலும் இழப்பதே இங்கு நிகழ்கின்றது. சேலையின் பார்டர் பிசகிவிட்டதென்று கண்டவுடன் தறியை நிறுத்தாமல், மேலும் நெய்தால் சரியாகிவிடும் என்று நெய்துகொண்டே போவதற்கு இது ஒப்பாகும்.

இத்தகைய பகுதிநேர வேலை மோசடிகளை நடத்திவந்த நூற்றுக்கும் மேற்பட்ட இணையத்தளங்களை 2023 டிசம்பரில் இந்திய அரசு முடக்கிற்று. ஓய்வு பெற்றோர், பெண்கள், வேலையற்ற இளைஞர்கள் ஆகியோரையே அவை குறிவைத்தன என்றும், அயல்நாட்டிலிருந்து அவை இயக்கப்பட்டன என்றும் அரசு அறிவித்தது.

கணக்கை வாடகைக்குக் கேட்டால்

இன்னொரு வகை இதனினும் கொடியது. "உமது பாங்குக் கணக்கில் எங்கள் வாடிக்கையாளர் பணம் செலுத்துவர். நூற்றுக்கு இரண்டு எடுத்துக்கொண்டு மீதியை நாங்கள் சொல்லும் கணக்கிற்கு மாற்றினால் போதும்" என்று வேலை தருகிறார்கள். சிலர் கணக்கையும் அட்டையையும் மொத்தமாகவே வாடகைக்குக் கேட்கின்றனர். அவ்வாறு வரும் பணம் முன்னர்க் கூறியபடி வேறு ஏழைகளிடம் பறித்த பணமாகும். புகார் எழுந்தால் காவலர் முதலில் வந்து நிற்பது கணக்குக்குரியவரின் வாயிலில்தான். கணக்கு முடக்கப்படும், குற்ற வழக்கும் வரக்கூடும். அரசு தரும் உதவித்தொகையும், சங்கத்திலிருந்து வரும் கூலியும் அக்கணக்கிற்கே வருவதாயின் அவையும் அகப்பட்டுக்கொள்ளும். கூலிக்காகக் கணக்கை இரவல் கொடுப்பது களவுக்கு ஏணி கொடுப்பதாகும்.

அயல்நாட்டு வேலை என்னும் அழைப்பிலும் இதே கூட்டத்தின் கை இருக்கலாம். தாய்லாந்தில் கணிப்பொறி வேலை என்று நம்பிச் சென்ற இந்திய இளைஞர்கள் எல்லை கடத்தப்பட்டு, மியான்மரில் மோசடி முகாம்களில் அடைக்கப்பட்டதைக் குறித்து 2022 செப்டம்பரில் இந்திய வெளியுறவு அமைச்சகம் எச்சரிக்கை விடுத்தது. 2025 மார்ச்சில் இந்திய அரசு விமானப்படை விமானங்கள் இரண்டின் வாயிலாக 549 பேரை மீட்டு அழைத்து வந்தது. நமக்கு மோசடிக் கடிதம் எழுதுபவனும், ஒரு மோசடிக் கடிதத்தை நம்பி வீட்டை விட்டுச் சென்ற பிள்ளையாக இருக்கக்கூடும். வெளிநாட்டு வேலைக்கு அனுப்புவோர் இந்திய அரசிடம் பதிவு பெற்ற முகவரா என்று அறியாமல் எவரும் கடல் கடத்தல் ஆகாது.

கடிதத்தைச் சோதிக்கும் முறை

வேலை தருவதாகக் கடிதம் வந்தால், பின்வருவனவற்றைப் பொறுமையுடன் பார்த்தல் வேண்டும்.

1. அனுப்பியவரின் பெயரை நம்பாமல் முகவரியைப் பாருங்கள். உறையின் பின்புறத்தில் அனுப்புநர் பெயராக எதையும் எழுதலாம், மின்னஞ்சலிலும் அப்படியே. முகவரியில் 'அட்' என்னும் சுழிக்குறிக்குப் பின்னால் உள்ள பகுதியே முக்கியமானது. பெரிய நிறுவனத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு, யாவருக்கும் இலவசமாகக் கிடைக்கும் அஞ்சல் முகவரியிலிருந்து எழுதியிருந்தால் ஐயுறுக. நிறுவனத்தின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றியோ, ஒரு சொல்லைக் கூட்டியோ அமைத்த முகவரிகளும் உண்டு. முகவரி சரியாகத் தோன்றினாலும் அது ஒன்றே போதிய சான்றாகாது.

2. நாம் விண்ணப்பித்தோமா என்று எண்ணிப் பாருங்கள். விதைக்காத வயலில் விளைச்சல் வராது.

3. கடிதத்திலுள்ள தொடுப்பையும் தொலைபேசி எண்ணையும் பயன்படுத்தாமல், அந்நிறுவனத்தின் இணையத்தளத்தைத் தாமே தேடிச் சென்று, அங்குக் கண்ட எண்ணில் விசாரியுங்கள். பல உண்மையான நிறுவனங்கள் தம் பெயரால் மோசடி நடப்பதைத் தம் தளத்திலேயே அறிவித்திருக்கின்றன.

4. பணம் எத்திசையில் செல்கிறது என்று பாருங்கள். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், பிணைத்தொகை, முன்பணம் என்று எப்பெயரில் கேட்டாலும் கொடாதீர்கள். நமக்கு அனுப்பிய பணத்தில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பச் சொன்னாலும் அதே விதிதான்.

5. இரகசியமும் அவசரமும் சேர்ந்து வந்தால் அங்கே நில்லுங்கள்.

6. ஆதார் எண், வருமானவரி எண், பாங்குக் கணக்கு விவரம், கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுஎண் ஆகியவற்றைக் கடிதத்திற்குப் பதிலாக அனுப்பாதீர்கள். பணம் பெறுவதற்கு இரகசிய எண்ணை இடத் தேவையே இல்லை. பணம் கொடுப்பதற்கே அது வேண்டும்.

7. கடிதத்துடன் வரும் செயலியை நிறுவச் சொன்னால் நிறுவாதீர்கள். அது கைப்பேசியையே அவர்கள் கையில் ஒப்படைப்பதாகும்.

பிழை மலிந்த மொழியைக் கொண்டே மோசடிக் கடிதத்தைக் கண்டுபிடித்துவிடலாம் என்று முன்னர்க் கூறுவதுண்டு. இன்று செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைக் கொண்டு எவரும் பிழையற்ற ஆங்கிலத்திலும், ஏன், நல்ல தமிழிலுமே கடிதம் எழுதிவிடலாம். ஆதலால் நடையழகைப் பார்த்து நம்புதல் தகாது.

அகப்பட்டுக்கொண்டால்

எவ்வளவு எச்சரிக்கையாக இருந்தும் ஒருவர் ஏமாந்துவிட்டால், முதல் வேலை மேலும் பணம் அனுப்பாமல் நிறுத்துவது. அடுத்த வேலை, ஒரு மணி நேரமும் தாழ்த்தாமல் 1930 என்னும் எண்ணுக்குத் தொலைபேசி செய்வது. இந்திய அரசின் இணையக் குற்ற உதவி எண் அது. அங்குத் தெரிவித்தால், பணம் சென்ற பாங்குகளுக்கு உடனே செய்தி அனுப்பி, பணம் இன்னும் எடுக்கப்படாமல் இருந்தால் அதை நிறுத்திவைக்க முயல்கிறார்கள். திருடன் பணத்தை ஒரு கணக்கிலிருந்து மற்றொன்றிற்கு நிமிடங்களில் மாற்றிவிடுவான்; ஆகவே தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் அவனுக்கு ஆதாயம். 2019 இல் தொடங்கப்பெற்ற 'சைபர் கிரைம் டாட் கவ் டாட் இன்' என்னும் அரசுத் தளத்திலும் புகார் பதிவு செய்யலாம். தங்கள் பாங்கிற்கும் உடனே தெரிவியுங்கள்.

பணம் சென்ற நாள், நேரம், தொகை, பரிமாற்ற எண், பெற்றவரின் கணக்கு, வந்த கடிதங்கள், உரையாடல்கள் ஆகிய யாவற்றையும் அழிக்காமல் வைத்திருத்தல் வேண்டும். வெட்கத்தால் அவற்றை அழித்துவிடுவோர் தம் சான்றைத் தாமே அழித்தவராகின்றனர். கணிப்பொறி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது, 2000 ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-டி பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். ஏமாற்றிப் பொருள் பறிப்பது பாரதிய நியாய சன்ஹிதையின் 318 ஆம் பிரிவிலும் அடங்கும்.

இன்னும் ஓர் எச்சரிக்கை. பணத்தை இழந்தவரைத் தேடி, "இழந்ததை மீட்டுத் தருகிறோம், கட்டணம் செலுத்துக" என்று இரண்டாவது கூட்டம் வரும். பல வேளைகளில் அது முதற்கூட்டமேதான்.

சங்கங்களின் கடமை

கடன் கூட்டுறவுச் சங்கங்களுக்கான சட்டம் நம் நாட்டில் 1904 இல் வந்தபோது அதன் நோக்கம் யாதாயிருந்தது? தேவைப்பட்டவனின் தேவையையே மூலதனமாக வைத்துப் பிழைத்தவர்களிடமிருந்து உழவனையும் கைவினைஞனையும் விடுவிப்பதே அது. அன்று வெற்றுத் தாளில் கைநாட்டு வாங்கினார்கள். இன்று ஒரு விரல் தொடுதலில் சேமிப்பையே வாங்கிவிடுகிறார்கள். தனித்து நின்ற மனிதனே அன்றும் ஏமாந்தான். இன்றும் அவனே ஏமாறுகிறான்.

ஆகவே, சங்கங்கள் செய்யத்தக்க எளிய காரியங்கள் சில உண்டு. 1930 என்னும் எண்ணைச் சங்கக் கட்டடத்திலும், நூல் பட்டுவாடா செய்யும் இடத்திலும், விளைபொருள் எடைபோடும் இடத்திலும் பெரிய எழுத்தில் எழுதிவைக்கலாம். வேலை பற்றிக் கடிதம் வந்த பிள்ளைகள் அதைச் செயலாளரிடமோ, விவரமறிந்த அங்கத்தினர் ஒருவரிடமோ காட்டிவிட்டுப் பதில் எழுதும் வழக்கத்தை ஏற்படுத்தலாம். மாதக்கூட்டத்தில் ஒரு கால்மணி நேரம் இதற்கென ஒதுக்கலாம். மோசடிக்காரன் விதிக்கும் முதல் நிபந்தனை எவரிடமும் சொல்லாதே என்பதால், ஒருவரிடம் சொல்லிவிடுவதே அவன் வலையை அறுக்கும் முதற் செயலாகும்.

ஏமாந்தவரைப் பெற்றோரும் ஊராரும் பழித்தல் தகாது. பழிப்புக்கு அஞ்சியே பலர் வாய் திறவாமல் இருந்து, பணத்தை நிறுத்திவைக்கக்கூடிய நேரத்தைக் கழித்துவிடுகின்றனர். அன்பாகக் கேட்டால் அவர்கள் சொல்வார்கள்; உடனே சொன்னால் பணம் மீளவும் இடமுண்டு.

நெசவாளர்க்கு ஓர் உண்மை தலைமுறை தலைமுறையாகத் தெரியும். வேலை கொடுப்பவர் பாவும் ஊடையும் கொடுக்கிறார். நெய்து கொடுத்தபின் கூலி கொடுக்கிறார். நெய்பவனிடம் பணம் வாங்கிக்கொண்டு வேலை கொடுப்பவர் எவரும் இல்லை. உழவர்க்கும் அவ்வாறே தெரியும்: நாற்று நடவந்த ஆளிடம் நிலக்காரர் முன்பணம் கேட்பதில்லை. கணிப்பொறியின் வழியாக வரும் வேலைக்கும் இதே அளவுகோலை வைத்துப் பார்க்கும்படி நம் பிள்ளைகளுக்குச் சொல்வோமாக.